பாலம் வருவதற்கு முன்னால்

மும்பையிலிருந்து கோவா எல்லை வரை, கடலை ஒட்டியே எட்டு நாள்: ஒரு தம்பதியின் கொங்கண் பயணம்

மும்பையிலிருந்து கோவாவுக்குத் தரைவழியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பார்ப்பதில்லை. கொங்கண் ரயில் மலையை ஒட்டி ஓடுகிறது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்படுகிறது. ஜன்னலோர இருக்கைக்குச் சண்டை போட்டு இடம் பிடித்தவருக்கும் பாதி நேரம் இருட்டுதான் மிச்சம். தேசிய நெடுஞ்சாலை 66 பல இடங்களில் கடலிலிருந்து முப்பது, நாற்பது கிலோமீட்டர் உள்ளே தள்ளியே போகிறது. அதை நான்கு வழிச் சாலையாக்கும் வேலை பத்தாண்டுகளுக்கு மேல் இழுத்ததில், சாலையைவிட அதன் பள்ளங்களே பிரபலமாயின.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. அதை வழி என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். அலிபாகில் தொடங்கி முருட், ஸ்ரீவர்தன், தாபோலி, குஹாகர், ரத்னகிரி, மால்வண், வெங்குர்லா என்று கடலோர ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போகும் குறுகலான சாலைகள் அவை. நடுநடுவே ஆறுகள் கடலில் கலக்கும் இடங்களில் சாலை நின்றுவிடும். அங்கே காரைப் படகில் ஏற்றி அக்கரை சேரவேண்டும். வேகமாகப் போனால் நெடுஞ்சாலையில் ஒரே நாளில் முடிந்துவிடும் பயணம் இப்படிப் போனால் ஒரு வாரம் பிடிக்கும்.

செம்பூரிலிருந்து ஒரு மார்ச் மாதக் காலையில் புறப்பட்ட தமிழ்த் தம்பதிக்கு வேண்டியிருந்ததும் அந்த ஒரு வாரம்தான். கணவருக்கு 62 வயது. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி 58 வயதில் பள்ளி ஆசிரியை வேலையை விட்டவர். மும்பையில் 33 ஆண்டுகள். மகன் வெளிநாட்டில், மகள் பெங்களூரில். அவர்கள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பிளாட்டை விற்றுவிட்டுப் பாளையங்கோட்டையில் இருக்கும் சொந்த வீட்டுக்குப் போய்விடலாம் என்பது கணவரின் கட்சி. மனைவி சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி கடலோரமா ஒரு தடவை போயிட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார். "இந்த வழியா ஊருக்கு ரயில்ல இருபது தடவையாவது போயிருப்போம். ஆனா கொங்கணைப் பார்த்ததே இல்லையே" என்பது அவர் சொன்ன காரணம்.

முதல் படகு

பயணத்தின் முதல் படகு மும்பையிலேயே காத்திருக்கிறது. பாவுச்சா தக்கா என்று உள்ளூரில் அழைக்கப்படும் துறையிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 மார்ச் முதல் கார்களை ஏற்றிச்செல்லும் கப்பல் ஓடுகிறது. சாலை வழியாகப் போனால் பன்வேல், பேண் என்று நெரிசலில் பாதி நாள் போய்விடும். கப்பலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேல்தட்டில் நின்று பார்த்தால் மும்பையின் உயர்ந்த கட்டடங்கள் மெல்லப் புகைமூட்டத்துக்குள் போய்விடுகின்றன.

அலிபாகைத் தாண்டி ரேவ்தண்டா பாலத்தைக் கடந்தால் கோர்லாய். குன்றின்மேல் போர்ச்சுக்கீசியர் கட்டிய கோட்டை. கீழே ஒரு மீனவக் கிராமம். 1740ல் போர்ச்சுக்கீசியர் இந்தப் பகுதியை மராத்தியர்களிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் அவர்களுடைய மொழி மராத்தியோடு கலந்து ஒரு புது மொழியாகி, இந்தக் கிராமத்துக் கிறிஸ்தவர்களின் வீட்டுப் பேச்சாக இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆண்டவர்கள் போய் 280 ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்கள் பேச்சில் மீன் விலை பேசப்படுகிறது.

அடுத்து முருட். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் மிதப்பதுபோல் தெரியும் ஜஞ்ஜிரா கோட்டையை ஆண்டவர்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகள். சிவாஜி முயன்றார்; முடியவில்லை. அவர் மகன் சம்பாஜி கரையிலிருந்து கடலுக்குள் பாதை போட்டே பிடிக்கப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. அந்தச் சமஸ்தானம் 1948ல் இந்தியாவுடன் இணைந்தது. ராஜபுரி துறையிலிருந்து பாய்மரப் படகில் கோட்டைக்குப் போகலாம். படகோட்டி சொல்லும் கதைகளில் எவ்வளவு சரித்திரம், எவ்வளவு உப்பு என்பதை அவரவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

விழுந்த தோப்புகள்

அகர்தண்டாவில் ஏறி திகியில் இறங்கும் இரண்டாவது படகு, பயணிகளைப் பாக்குத் தோப்புகளின் நாட்டில் கொண்டுவிடுகிறது. திவேஆகர், ஸ்ரீவர்தன், ஹரிஹரேஷ்வர் மூன்றும் அடுத்தடுத்த ஊர்கள். வீட்டுக்கு முன்னால் சாலை, பின்னால் தென்னையும் பாக்கும், அதற்கும் பின்னால் கடல். இதுதான் இந்த ஊர்களின் அமைப்பு. பேஷ்வாக்களின் பட் குடும்பத்துக்குப் பூர்வீகம் ஸ்ரீவர்தன். ஸ்ரீவர்தன் பாக்குக்கு மும்பைச் சந்தையில் தனி மதிப்பு.

இந்தத் தோப்புகளின் நடுவே ஆங்காங்கே வெட்டவெளி தெரிகிறது. 2020 ஜூன் 3ஆம் தேதி அலிபாகுக்குத் தெற்கே கரையேறிய நிசர்கா புயல் விட்டுச்சென்ற அடையாளம் அது. பாட்டன் நட்ட மரங்கள் ஒரே பிற்பகலில் சாய்ந்தன. நெல் என்றால் அடுத்த பருவத்தில் மறுபடி விதைக்கலாம். பாக்கும் தென்னையும் அப்படியல்ல. நட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். ஐம்பதைத் தாண்டிய ஒரு தோப்புக்காரர் புதிதாகக் கன்று நடுகிறார் என்றால், அது தனக்காக மட்டும் இருக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, பல வீடுகள் தங்கும் விடுதிகளாகிவிட்டன. மரம் காய்க்கும் வரை மும்பையின் சனி, ஞாயிறுதான் விளைச்சல்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குக் கொள்ளு மாவில் செய்த 'பிட்லே' வந்தது. மறுநாள் காலையில் 'காவண்'. பாளையங்கோட்டைக்காரருக்கு ஆச்சரியம். "இது நம்ம அரிசி மாவு தோசைதான், கொஞ்சம் மெலிசா ஊத்தியிருக்காங்க" என்றார். மனைவியின் கவனம் சோல்கடியில் இருந்தது. தேங்காய்ப் பாலில் கோகம் புளியைச் சேர்த்துக் கலக்கும் அந்த இளஞ்சிவப்பு பானத்துக்கு அவர் மூன்றாவது தம்ளர் கேட்டார்.

ஆமைகளின் ஊர்

சாவித்திரி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பாக்மாண்ட்லாவில் ஏறி வேஷ்வியில் இறங்கினால் வேலாஸ் பக்கம். பேஷ்வா ஆட்சியின் புகழ்பெற்ற மந்திரி நானா பட்னவீஸின் பூர்வீக ஊர் அது. ஆனால் இப்போது அங்கே கூட்டம் வருவது நானாவுக்காக அல்ல, ஆமைக்காக. ஒரு காலத்தில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தோண்டி எடுத்து உண்டவர்களும் விற்றவர்களும் இங்கே இருந்தார்கள். சிப்ளூணைச் சேர்ந்த சஹ்யாத்ரி நிசர்க மித்ரா அமைப்பு 2002ல் பாதுகாப்பு வேலையைத் தொடங்கியது. முட்டைகளை எடுத்து வேலியிட்ட மணலில் புதைக்கிறார்கள். சுமார் ஐம்பது நாளில் குஞ்சு பொரிக்கும். கூடையைக் கவிழ்த்ததும் உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தக் குஞ்சுகள் கடலை நோக்கி நகர்வதைப் பார்க்கத்தான் பிப்ரவரியிலிருந்து மக்கள் வருகிறார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வளர்ந்த பெண் ஆமைகள் பொதுவாகத் தாம் பிறந்த கரைப் பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன.

திரும்புவது என்பது கொங்கணில் மனிதர்களுக்கும் பெரிய விஷயம். நூறாண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணின் ஆண்கள் மும்பை நூற்பாலைகளுக்குப் போனார்கள். வீடுகள் மணியார்டரில் நடந்தன. 1982ல் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் அந்த வாழ்க்கையை உடைத்தது. பல ஆலைகள் மறுபடி திறக்கவே இல்லை. இன்றும் விநாயகர் சதுர்த்திக்கு மும்பையிலிருந்து கிளம்பும் கூட்டத்தைப் பார்த்தால் கொங்கண் எங்கே வசிக்கிறது என்பது புரியும். மற்ற நாட்களில் பல வீடுகளில் வயதானவர்கள் மட்டும்.

செம்பூர் தம்பதி தங்கிய வீட்டுக்காரரும் மும்பையில் வேலை பார்த்து ஓய்வுக்குப் பின் ஊருக்குத் திரும்பியவர்தான். ஆசிரியையின் மராத்தி சரளமானது. திரும்பி வந்தது எப்படி இருந்தது என்று அவரே கேட்டார். "முதல் வருஷம் ஊரே வந்து பார்த்தது. இரண்டாம் வருஷம் கரண்ட் பில் கொடுக்கிறவர் மட்டும் வந்தார். மூன்றாம் வருஷம்தான் ஊர் பழகியது" என்று அந்தப் பெரியவர் பதில் சொன்னார். அன்றிரவு தம்பதியின் பேச்சு வெகுநேரம் நீண்டது.

மாட்டுவண்டியும் மின்நிலையமும்

ஹர்ணையில் மாலை நான்கு மணிக்கு மேல் மீன் ஏலம். படகுகள் ஆழம் குறைந்த கரைக்கு வர முடியாமல் தள்ளி நிற்கும். மாட்டுவண்டிகள் இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் போய் மீன் கூடைகளை ஏற்றி வருகின்றன. பின்னணியில் சுவர்ணதுர்க் கோட்டை. சரக்கைப் பார்த்து, விரலைக் காட்டி, தலையை அசைத்து முடிக்கும் வியாபாரத்தில் வெளியூர்க்காரருக்கு எதுவும் விளங்காது. பெண்களின் குரல்தான் உரக்கக் கேட்கிறது.

அங்கிருந்து தாபோல். இடைக்காலத்தில் அரபு நாடுகளோடு வியாபாரம் செய்த பெரிய துறைமுகம். இந்தப் பெயரைக் கேட்டதும் நடுவயதைத் தாண்டியவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு: என்ரான். வாசிஷ்டி ஆற்றின் மறுகரையில், அஞ்சன்வேலில் எழுந்த அந்த மின்நிலையம் 1990களில் இந்தியாவையே பேசவைத்தது. 1995ல் மகாராஷ்டிர அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 1996ல் பேரம் பேசி மறுபடி ஏற்றது. 1999ல் மின்சாரம் வந்தது. விலைத் தகராறில் 2001ல் நின்றது. அதே ஆண்டில் அமெரிக்காவில் என்ரான் நிறுவனமே திவாலானது. 2005ல் உருவான ரத்னகிரி கேஸ் அண்ட் பவர் நிறுவனத்திடம் நிலையம் வந்து சேர்ந்தது.

தாபோலிலிருந்து தோபாவேக்குக் கார்களை ஏற்றும் படகு 2003ல் தொடங்கியது. கடக்கப் பதினைந்து நிமிடம்தான். படகு இல்லையென்றால் சிப்ளூண் வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றவேண்டும். குஹாகர் கடற்கரையைத் தாண்டினால் தவ்சாலில் அடுத்த படகு, இறங்கினால் ஜெய்கட்.

மன்னரின் வெளியூர்

கணபதிபுலேயில் குன்றே கடவுள் என்பதால் பக்தர்கள் குன்றைச் சுற்றி வருகிறார்கள். பக்கத்திலேயே மால்குண்ட். நவீன மராத்திக் கவிதையின் முன்னோடி கேசவசுத் 1866ல் பிறந்த ஊர். அங்கிருந்து ரத்னகிரி வரை, ஆரே-வாரே என்ற இரட்டைக் கடற்கரையின் மேலாக ஏறி இறங்கும் சாலைதான் மொத்தப் பயணத்திலும் கண்ணுக்கு விருந்து. வளைவில் திரும்பியதும் கீழே இரண்டு வெள்ளைப் பிறைகள், நடுவே ஒரு கரும்பாறை. காரை நிறுத்தாமல் இதைக் கடந்தவர் இருக்கமாட்டார்.

ரத்னகிரி 1856ல் திலகர் பிறந்த ஊர். பர்மாவின் கடைசி மன்னர் தீபா இறந்த ஊரும் இதுதான். 1885ல் மாண்டலேயைப் பிடித்த ஆங்கிலேயர், மன்னரையும் குடும்பத்தையும் முதலில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். சில மாதங்களுக்குப் பின், 1886ல், ரயிலும் இல்லாத இந்த ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பினார்கள். கடலைப் பார்த்த மேட்டில் அவருக்காகக் கட்டிய மாளிகை 1910ல்தான் முடிந்தது. ஆறே ஆண்டுகளில், 1916 டிசம்பரில், அவர் இறந்தார். டில்லியின் கடைசி முகலாயரை ரங்கூனில் புதைத்தவர்கள், பர்மாவின் கடைசி மன்னரை ரத்னகிரியில் வைத்தார்கள். 2012ல் மியான்மர் அதிபர் தெய்ன் செய்ன் வந்து அந்தச் சமாதியில் மரியாதை செலுத்தினார்.

மன்னரின் மூத்த மகளின் கதை இன்னும் விசித்திரம். தந்தை இறந்தபின் குடும்பம் பர்மாவுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. போனார், அங்கே இருக்கவில்லை. ரத்னகிரிக்கே திரும்பி வந்து, வறுமையில் வாழ்ந்து, 1947ல் இறந்தார். சிறையாக வந்த ஊர் எப்போது சொந்த ஊராகிவிட்டது என்பதை அவர் எழுதிவைக்கவில்லை. மாளிகையின் பலகணியில் நின்று இதைக் கேட்ட மனைவி, "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார். கணவருக்குப் புரிந்தது.

பாறையில் யானை

ரத்னகிரிக்குத் தெற்கே சாலை செம்பாறை மேடுகளில் ஏறுகிறது. மரமில்லாத இந்த வெட்டவெளியை உள்ளூரில் 'சடா' என்கிறார்கள். மழைக்காலத்தில் பூக்காடு, கோடையில் தோசைக்கல். இந்தப் பாறைத் தரையில் யாரோ பழங்காலத்து மனிதர்கள் யானை, காண்டாமிருகம், சுறா, மனித உருவங்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். கஷேலி என்ற ஊரில் இருக்கும் யானையின் உடம்புக்குள் மட்டும் ஒரு மிருகக்காட்சி சாலையே அடங்கியிருக்கிறது. 2022ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இவை இடம்பெற்றன. அதே பட்டியலில் உள்ள பார்சூவில்தான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்காக 2023 ஏப்ரலில் மண் பரிசோதனை தொடங்கியது. ஊர்ப் பெண்கள் சாலையில் படுத்து மறித்தார்கள். சற்றுத் தள்ளி ஜெய்தாபூர். 9,900 மெகாவாட் அணுமின் திட்டம் ஒன்று அங்கே பல ஆண்டுகளாகப் பேச்சிலும் போராட்டத்திலும் நிற்கிறது. மும்பைக்கு முதலில் ஆள் கொடுத்த கொங்கணிடம் இப்போது நிலம் கேட்கிறார்கள்.

செஞ்சியின் உறவினர்கள்

தேவ்கட் எல்லைக்குள் நுழைந்தால் மாமரங்கள்தான். 2018ல் புவிசார் குறியீடு பெற்ற அல்போன்சாவின் முதல் பெட்டிகள் மார்ச்சிலேயே மும்பைக்கும் வாஷிக்கும் கிளம்பிவிடுகின்றன. விலையைக் கேட்ட கணவர் பழத்தைத் திரும்ப வைத்தார். மனைவி இரண்டு டஜன் வாங்கினார்.

விஜயதுர்க் கோட்டை கான்ஹோஜி ஆங்ரே வம்சத்தின் கடற்படைத் தளம். 1756ல் இதைப் பிடித்து, துறைமுகத்தில் நின்ற மராத்தியக் கப்பல்களை எரித்தவர்களில் ஒருவர், ஐந்தாண்டுகளுக்கு முன் ஆற்காட்டைப் பிடித்த அதே ராபர்ட் கிளைவ். மால்வணில் சிந்துதுர்க். 1664ல் சிவாஜி கட்டத் தொடங்கிய இந்தத் தீவுக் கோட்டைக்குள், நாலாபுறமும் உப்புநீர் சூழ, மூன்று நன்னீர்க் கிணறுகள் இருக்கின்றன. கந்தேரி, சுவர்ணதுர்க், விஜயதுர்க், சிந்துதுர்க் என இந்தக் கரையின் நான்கு கடற்கோட்டைகள் 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. பன்னிரண்டு கோட்டைகள் கொண்ட அந்தப் பட்டியலில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது ஒன்றே ஒன்று: நம் செஞ்சி.

முந்நூற்றைம்பது ஆண்டுகள் அலை மோதியும் கோட்டை நிற்கிறது. எதிரே கரையில் 2023 டிசம்பரில் கடற்படை நாளன்று திறக்கப்பட்ட சிவாஜி சிலை, 2024 ஆகஸ்டில் விழுந்தது. 2025ல் அதைவிடப் பெரிய சிலை அதே இடத்தில் எழுந்திருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் கோட்டைச் சுவரைக் காட்டுகிறார்கள், சிலையையும் காட்டுகிறார்கள்; கருத்து சொல்வதில்லை.

மால்வணில்தான் தம்பதியின் வழக்கும் ஒரு முடிவுக்கு வந்தது. பிளாட்டை விற்பதில்லை. புதிய கட்டடம் வரும் வரை கிடைக்கும் வாடகைப் பணத்தில் பாளையங்கோட்டையில் இருந்து பார்ப்பது. "மூணு வருஷம்தான் கணக்கு. அதுக்குள்ள ஊர் பழகலைன்னா திரும்பிடுவோம்" என்றார் மனைவி. வேலாஸ் பெரியவரின் கணக்கை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார். கணவர் எதிர்க்கவில்லை.

பதினைந்து நிமிடம்

கடைசிப் படகு திராகோலில். கோட்டையை ஒட்டிய ஆற்றைக் கடந்து கேரியில் இறங்கினால் கோவாவின் கடற்கரைகள் தொடங்கிவிடும். மொத்தம் ஆறு படகுகள். இவற்றில் சிலவற்றுக்கு ஆயுள் அதிகமில்லை. ரேவஸிலிருந்து ரெட்டி வரை கடலை ஒட்டியே ஒரு நெடுஞ்சாலை என்பது, 1980களின் தொடக்கத்தில் முதல்வராக இருந்த ஏ.ஆர். அந்துலே காலத்துக் கனவு. சுமார் 500 கிலோமீட்டர் நீளத்துக்கு அதை நிறைவேற்றும் பொறுப்பு இப்போது மகாராஷ்டிர மாநிலச் சாலை மேம்பாட்டுக் கழகத்திடம் இருக்கிறது. முகத்துவாரங்களின் குறுக்கே பாலங்கள் வரப்போகின்றன.

சுற்றுலா வருகிறவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். படகின் கைப்பிடியில் சாய்ந்து காற்று வாங்க நேரம் இருக்கிறவர்கள் அவர்கள். ஆனால் இரவில் கடைசிப் படகு போனபின் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அந்தப் பதினைந்து நிமிட ஆறு நூறு கிலோமீட்டர். தாபோலிலோ திகியிலோ யாரைக் கேட்டாலும் பாலம் வேண்டும் என்றுதான் சொல்வார்கள். வேகமான சாலை வந்தால் கூடவே நிலத் தரகர்களும் வருவார்கள், ஆமை முட்டையிடும் மணலுக்கும் விலை போடுவார்கள் என்பதும் அவர்களுக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

போக நினைப்பவர்கள் ஜூனுக்கு முன் போய்விடுவது நல்லது. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், ஜஞ்ஜிராவுக்கும் சிந்துதுர்க்குக்கும் படகு கிடையாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெயில் குறைவு. மார்ச்சில் ஆமையும் மாம்பழமும் சேர்ந்து கிடைக்கும். கையில் கொஞ்சம் சில்லறையும், அடுத்த படகுக்குக் காத்திருக்கும் பொறுமையும் அவசியம்.